கணினியிடம் சொல்லி எழுதுவது: குமரி மேற்கு எல்லைக்காரர்களுக்கு

மைக்கை வைத்துக்கொண்டு "எனக்க வஸ்து" என்று சொல்லிப் பாருங்கள். திரையில் பெரும்பாலும் "எனக்கு வஸ்து" என்றுதான் விழும். கூடியது ஒரே ஒரு உகரம். ஆனால் 'என்னுடைய' என்று நீங்கள் சொன்னது 'எனக்கு' ஆகிவிட்டது. மனுவில் அதற்குப் பொருளே வேறு. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதும் வேலையைக் குரல் தட்டச்சு செய்வதில்லை. வந்த ஒலிக்கு எந்தெந்தச் சொல் பொருந்தும், முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு எது சேர்ந்து வரும் என்று கணக்குப் போட்டு, தனக்குப் பழக்கமான சொல்லை எழுதுகிறது. அதற்குப் பழக்கமானது பொதுத் தமிழ். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, ஊரம்பு, பளுகல் பக்கத்துப் பேச்சு அதன் காதில் விழுந்ததே குறைவு. ஆகவே எழுத நினைத்த தமிழை வாயால் படிக்க வேண்டும். பேசுகிற தமிழைப் பேசக் கூடாது. இது கைவந்தால் மீதியெல்லாம் பொத்தான் வேலைதான்.

மனு எழுதும் மேசை, டிடிபி கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், பள்ளிக்கூடம், கை வலியால் தட்டச்சு செய்ய முடியாதவர் வீடு என எங்கு வைத்துப் பயன்படுத்தினாலும் கீழே வருவது பொருந்தும். கேரளத்தில் தேவிகுளம், பீருமேடு, சித்தூர் பக்கத்தில் தமிழில் மனு எழுதுகிறவர்களுக்கும் இதே முறைதான். கலக்கும் மலையாளச் சொற்கள்தான் வேறாக இருக்கும்.

எந்த வழி

கணினியில் தமிழைச் சொல்லி எழுத இன்று ஒழுங்காக வேலை செய்யும் வழிகள் மூன்று. கூகுள் டாக்ஸில் உள்ள வாய்ஸ் டைப்பிங் முதலாவது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு உட்பட 8 இந்திய மொழிகளைச் சேர்த்தது; அன்றிலிருந்து தமிழில் அதிகம் பழகப்பட்டது இதுதான். விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கும் வாய்ஸ் டைப்பிங் இரண்டாவது. ஏற்கெனவே பதிவு செய்த ஒலிக்கோப்பை எழுத்தாக்கும் விஸ்பர் மூன்றாவது.

பழைய விண்டோஸில் 'ஸ்பீச் ரெகக்னிஷன்' என்று ஒன்று கண்ட்ரோல் பேனலில் இருக்கும். அதற்குத் தமிழ் தெரியாது. டிராகன் மென்பொருளும் அப்படித்தான்; ஆங்கிலத்தில் பேர்போனது, தமிழுக்குக் காசு கொடுத்து வாங்கி ஏமாறாதீர்கள். வேர்டில் ஹோம் பகுதியில் டிக்டேட் என்ற பொத்தான் இருக்கிறது, தமிழையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டும் மைக்ரோசாஃப்ட் 365-இல்தான் அது வரும். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய பழைய ஆபீஸில் அந்தப் பொத்தானைத் தேடிப் பயனில்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் கூகுள் டாக்ஸுக்குப் போய்விடலாம். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' (winver) என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள்.

முதலில் மைக்

தவறுகளில் பாதி, மென்பொருளுக்குப் போகும் முன்பே மைக்கில் நடந்து முடிந்துவிடுகிறது. மடிக்கணினியின் உள்மைக் உங்கள் குரலோடு மின்விசிறி, விசைப்பலகைச் சத்தம், வெளியே போகும் பஸ்ஸின் ஹார்ன் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கும். கம்பியுள்ள யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்குவது நல்லது. விலை கூடியது வேண்டியதில்லை, வாயருகே நீளும் தண்டு இருக்க வேண்டும். தண்டின் நுனி வாய்க்கு நேராக நிற்கக் கூடாது. உதட்டின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னத்தை ஒட்டி நிற்கட்டும். நேராக வைத்தால் 'ப', 'ஃப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதி அந்தச் சொல்லே நொறுங்கிப் போகும்.

மொபைலுக்கு வாங்கிய 3.5 மில்லிமீட்டர் இயர்ஃபோனை மேசைக் கணினியில் மாட்டினால் கேட்கும், ஆனால் பேச முடியாது. அதன் முனையில் ஒலியும் மைக்கும் ஒன்றாக இருக்கின்றன. கணினிப் பெட்டியிலோ பச்சைத் துளை ஒலிக்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு எனத் தனித்தனி. இரண்டாகப் பிரிக்கும் சிறிய கம்பி மொபைல் கடையில் கிடைக்கும்.

புளூடூத் இயர்பட் கூடாது என்றே சொல்லலாம். பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கும் அதே கருவி, மைக்கைத் திறந்த நொடியில் தொலைபேசிப் பேச்சு முறைக்கு இறங்கிவிடும். அந்த முறையில் ஒலியின் மேல்பகுதி வெட்டப்படுகிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் அடையாளமே அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது.

மைக்கைப் பொருத்திய பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் என்ற இடத்தில் உங்கள் ஹெட்செட்டின் பெயர் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவின் மைக் தானாக முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. அளவை 70-80-க்கு வைத்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். நீலக் கோடு முக்கால் பங்கு வரை போய் இறங்க வேண்டும். முனையைப் போய் முட்டினால் ஒலி உடைகிறது என்று அர்த்தம். அளவைக் குறையுங்கள், குரலைக் குறைக்க வேண்டாம். பின்பு விண்டோஸில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியில் அரை நிமிடம் பதிந்து கேளுங்கள். உங்கள் காதுக்கே தெளிவில்லாதது கணினிக்குத் தெளிவாக இருக்காது.

பதிவில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் எர்த் இணைப்பில். பேட்டரியில் ஓட்டி வேலையை முடிக்கலாம். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொல்லி எழுதுவது வீண் முயற்சி. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூகுள் டாக்ஸில்

குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் கூகுள் கணக்கோடு உள்ளே போய்ப் புதிய ஆவணம் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இந்த வசதி மெனுவிலேயே தெரியாது. மேலே டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்பதைச் சொடுக்குங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். இடப்பக்கம் மைக் படம் உள்ள சிறிய பெட்டி வரும். பெட்டியின் மேலே மொழிப் பட்டியல். அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு பிரிவு இருக்கும், இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த மொழிப் பட்டியலை ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் பார்ப்பது நல்லது. காலையில் பாறசாலைக்காரர் ஒருவருக்கு மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் அதே கணினியில் தமிழ் சொன்னால் மலையாள எழுத்தில் வரிவரியாக விழும். பாதிச் சொற்கள் இரு மொழிக்கும் பொது என்பதால், திரையைப் பார்க்காமல் பேசுகிறவருக்கு ஒரு பக்கம் முடியும் வரை தெரியவே தெரியாது.

மைக் படத்தைச் சொடுக்கியதும், முதல் தடவை என்றால் உலாவி அனுமதி கேட்கும், 'அலவ்' கொடுங்கள். படம் சிவப்பானால் கேட்கத் தொடங்கிவிட்டது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எழுத்து விழும்.

பேசும்போது திரையில் சொற்கள் ஒன்றாக விழுந்து, சட்டென்று வேறாக மாறும். பதற வேண்டாம். வாக்கியத்தின் பின்பகுதி வந்த பிறகு, முன்பகுதியை அது திருத்திக்கொள்கிறது. நீங்கள் நிறுத்தி ஒரு நொடி ஆன பிறகு நிற்பதுதான் முடிவான சொல். நடுவிலேயே புகுந்து திருத்தினால் இரண்டும் கெட்டுப் போகும்.

மைக் சிவப்பாக இருக்கும்போதே கர்சரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்க் கையால் திருத்திவிட்டு, மறுபடி கடைசிக்கு வந்து தொடரலாம். ஆனால் வேறு தாவலுக்கோ வேறு நிரலுக்கோ போனால் மைக் நின்றுவிடும். நீண்ட நேரம் சும்மா இருந்தாலும் நின்றுவிடும். பார்த்துச் சொல்ல வேண்டிய பத்திரம் இன்னொரு தாவலில் பிடிஎஃப் ஆக இருந்தால் இது பெரிய தொல்லை. அதை மொபைலிலோ தாளிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-இல்

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய்த் தமிழ் (இந்தியா) மொழியைச் சேருங்கள். பிறகு நோட்பேட், வேர்ட், லிப்ரேஆபீஸ், மின்னஞ்சல் என எங்கு எழுத வேண்டுமோ அங்கே கர்சரை வைத்து, விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் அழுத்தித் தமிழுக்கு மாறி, விண்டோஸ் விசையையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பட்டை ஒன்று வரும், பேசலாம். கூகுளைப் போல ஒரே ஆவணத்துக்குள் அடைந்து கிடக்காமல் எந்தப் பெட்டியிலும் எழுத முடிவது இதன் நன்மை. விண்ணப்பப் படிவங்களை இணையத்தில் நிரப்பும் கடைகளுக்கு இதுவே வசதி.

நீண்ட எழுத்து வேலைக்குக் கூகுள் டாக்ஸ், துண்டு வேலைக்கு விண்டோஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே பத்தியைப் படித்து, 100 சொல்லுக்கு எத்தனை தவறு என்று எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன சொல், கூடுதலாக வந்த சொல், மாறிப்போன சொல் மூன்றும் தவறுதான். 10-க்கு மேல் போனால் திருத்தும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம். மைக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டுக்கும் இணையம் வேண்டும். உங்கள் குரல் அந்த நிறுவனங்களின் சர்வருக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது. அதிக வேகம் தேவையில்லை: 16 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினாலும் நிமிடத்துக்கு 2 எம்பிக்குக் கீழேதான் வரும். வேகத்தைவிட விட்டு விட்டு வராமல் இருப்பதே முக்கியம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடிக்கொண்டிருந்தால் வாக்கியத்தின் நடுத்துண்டு காணாமல் போகும். போனதற்கு எந்த அடையாளமும் திரையில் இருக்காது. குரல் வெளியே போகிறது என்பதாலேயே ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எதையும் வாயால் சொல்லாமல் கையால் அடியுங்கள். கடையில் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழாது.

சொல்லும் விதம்

ஒரு வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டு வாயைத் திறங்கள். எட்டுப் பத்துச் சொல் கொண்ட துண்டாகச் சொல்லி, துண்டு முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். திருநெல்வேலி வானொலியில் செய்தி வாசிக்கும் வேகம் சரியான வேகம். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னால் தவறு கூடுமே தவிரக் குறையாது. முன்பின் சொல் கிடைக்காததால் அது ஊகிக்க வழியில்லாமல் போகிறது.

வேற்றுமை உருபுக்கு முன்னால் மூச்சு வாங்காதீர்கள். "குழித்துறை" என்று சொல்லி, யோசித்து, "யில்" என்றால் அது "குழித்துறை இல்" என்றோ "குழித்துறை இல்லை" என்றோ எழுதி வைக்கும். இரண்டாவது வந்தால் ஆபத்து. 'இல்', 'ஆல்', 'உம்', 'ஏ' போன்ற சின்ன ஒட்டுகள் சொல்லோடு ஒட்டியே வர வேண்டும்.

வினைச்சொற்களை முழுசாகச் சொல்லுங்கள். "வந்துட்டு போனாவ" என்றால் என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. "வந்துவிட்டுப் போனார்கள்" என்றால் விழும். "அவனுக்க", "அவளுக்க" என்பவை "அவனுக்கு", "அவளுக்கு" ஆகிவிடும். "அவனுடைய" என்று சொல்லிப் பழகுங்கள். வாய்மொழியை அப்படியே எழுத வேண்டிய வாக்குமூலம், நாட்டார் கதை, உரையாடல் போன்றவற்றுக்குக் குரல் தட்டச்சு லாயக்கில்லை. அவற்றைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

ஊர்ச்சொற்களில் சில தப்பிக்கும், சில மாட்டும். பலாவைக் குறிக்கும் 'சக்கை' சரியாக விழும், பொதுத் தமிழில் வேறு பொருளில் அந்தச் சொல் இருக்கிறது. மரவள்ளியைக் குறிக்கும் 'மரச்சீனி' 'மர சீனி' என்று உடையலாம். 'கொல்லாம்பழம்' என்று சொன்னால் 'கொல்லலாம் பழம்' என்று வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். மனுவில் அது நன்றாக இருக்காது, முந்திரி என்று சொல்லிவிடுங்கள். 'ஒற்றி' என்பதை நாம் 'ஒத்தி' என்றே உச்சரிக்கிறோம், அதுவும் அப்படியே எழுதும். பத்திர வழக்குக்கு ஒற்றி வேண்டுமென்றால் கடைசியில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்.

முற்றுப்புள்ளி எங்கே?

ஆங்கிலத்தில் 'பீரியட்', 'கமா', 'நியூ லைன்' என்று கட்டளை சொல்லலாம். கூகுள் டாக்ஸில் தமிழுக்கு அந்தக் கட்டளைகள் கிடையாது. "அந்தச் சொல்லை அழி" என்று சொன்னால் "அந்தச் சொல்லை அழி" என்றே எழுதும். விண்டோஸ் பட்டையில் பல்சக்கரப் படத்தைத் தட்டினால் தானாகப் புள்ளி வைக்கும் அமைப்பு இருக்கிறது. தமிழில் அதை நம்பி அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

கை ஓய்வாக இருப்பவர்கள் பேசிக்கொண்டே புள்ளியையும் என்டரையும் கையால் தட்டுவதே எளிது. கை முடியாதவர்களுக்கு வேறு வழி: வாக்கியம் முடியும் இடத்தில் "முற்றுப்புள்ளி" என்று முழுச் சொல்லாகச் சொல்லுங்கள், எழுத்தாகவே விழட்டும். எல்லாம் முடிந்தபின் கண்ட்ரோல், எச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஓர் இடைவெளி விட்டு 'முற்றுப்புள்ளி' என்று எழுதி, மாற்றும் பெட்டியில் வெறும் புள்ளி வைத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். முன்னால் உள்ள அந்த இடைவெளியை மறந்தால் சொல்லுக்கும் புள்ளிக்கும் நடுவே ஓட்டை விழும். 'முற்றுப் புள்ளி', 'முற்று புள்ளி' என்ற வடிவங்களையும் ஒரு தடவை தேடிவிடுங்கள், சிலது அப்படி விழுந்திருக்கும்.

'புள்ளி' என்று சுருக்கிச் சொன்னால் போதாதா? போதாது. சின்னச் சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக் கரைந்துவிடும். நீளமான சொல்லே தப்பாமல் விழும். பத்தி பிரிக்க "அடுத்தபத்தி" என்பதுபோல் ஒன்றைச் சொல்லி வைத்தால், வேர்டில் மாற்றும் பெட்டியில் தொப்பிக் குறியும் ஆங்கிலச் சிறிய பி எழுத்தும் (^p) இட்டு உண்மையான பத்தியாக மாற்றலாம். விழுந்த சொல் ஒட்டியா பிரிந்தா என்று முதல் இடத்தைப் பார்த்து, அதையே நகலெடுத்துத் தேடுங்கள்.

ஊர்ப் பெயர்களும் குதிரைகளும்

குரல் தட்டச்சுக்கு எல்லையோர ஊர்ப் பெயர்கள் பெரும் சோதனை. பாறசாலை 'பாரசாலை' ஆகும், வெள்ளறடை மூன்று துண்டாகும், நித்திரவிளையின் 'விளை' 'விலை' ஆகும். நமக்கு விளை என்றால் தோட்டநிலம். பொதுத் தமிழில் விலைதான் அதிகம் புழங்குகிறது. "விளைக்கு விலை" என்று பத்திரத்தில் வரும் இடத்தில் இரண்டுமே விலையாக வந்து உட்காரும். கூகுள் டாக்ஸில் இந்தப் பெயர்களைக் கற்றுக்கொடுக்க அகராதிப் பெட்டி எதுவும் இல்லை.

சொல்லும்போது ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சொல்லைச் சொல்லிக் கடைசியில் மாற்றுவதுதான் நடைமுறைக்கு வந்த வழி. அந்தச் சொல் உங்கள் ஆவணத்தில் வேறெங்கும் வரக் கூடாது. ஊர்ப் பெயர் எந்த ஒலியில் முடிகிறதோ அதே ஒலியில் முடியவும் வேண்டும். களியக்காவிளை, குழித்துறை, முஞ்சிறை எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன. ஆகவே 'குதிரை', 'சிறுத்தை' பொருந்தும். "குதிரையில் வசிக்கும்", "குதிரைக்குச் செல்லும் சாலை" என்று சொல்லிவிட்டு 'குதிரை'யைக் 'களியக்காவிளை' என்று மாற்றினால் உருபுகள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். 'ஒட்டகம்' என்று வைத்தால் 'ஒட்டகத்தில்' என்று உருமாறிவிடும், மாற்ற முடியாது. 'முதலை'யும் ஆகாது: கடன் பத்திரத்தில் "முதலைத் திருப்பிச் செலுத்தாமல்" என்று எங்காவது வந்து தொலைக்கும். கொல்லங்கோடு 'கொல்லங்கோட்டில்' என்று உள்ளுக்குள் மாறுவதால் அதற்கு இந்த வித்தை எடுபடாது. கையால் அடிப்பதே நல்லது.

அச்செடுக்கும் முன் 'குதிரை' என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விளவங்கோடு தாலுகாவில் குதிரை கிராமம் இல்லை.

இந்த மாற்றங்களை வேர்டில் மேக்ரோவாக எழுதி ஒரே சொடுக்கில் முடிக்கலாமே என்று தோன்றும். மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் எழுத்தை ஏற்காது, கேள்விக்குறிகளாகத்தான் காட்டும். எழுத்துகளை எண் குறியீடாக மாற்றி எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த வேலை. மற்றவர்கள் தேட வேண்டிய சொல், மாற்ற வேண்டிய சொல் என்று இரண்டு பத்தி உள்ள ஒரு தாளை மேசையில் ஒட்டி வைத்தால் போதும்.

படித்துத் திருத்தும்போது

ல-ள-ழ, ர-ற, ன-ண குழப்பத்தை உங்கள் உச்சரிப்பு ஓரளவுதான் தீர்க்கும். நீங்கள் எவ்வளவு திருத்தமாக நாக்கை மடித்தாலும், சூழலுக்கு எது பொருந்தும் என்று அது எண்ணுகிறதோ அதையே எழுதும். கடற்கரைப் பக்கத்தில் மீன் பட்டியல் எழுதுகிறவர்கள் கவனிக்க: வாளை 'வாழை' ஆகும், பாரை 'பாறை' ஆகும், சூரை 'சூறை' ஆகும். மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழை திருத்தி எதிலும் சிவப்புக் கோடு விழாது. கண்ணால் படிப்பதைத் தவிர வழியில்லை. நில ஆவணத்தில் மனை-மணை, கரை-கறை, அரை-அறை, பணி-பனி இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

வல்லெழுத்து மிகும் இடங்களில் ஒற்றை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். "பதிவு துறை", "அலுவலகத்துக்கு சென்று", "மனுவை கொடுத்து" என்று வரும். நான்காம் வேற்றுமைக்குப் பின் எப்போதும் மிகும் என்பதால் அதை மொத்தமாகத் திருத்தலாம்: 'க்கு', இடைவெளி, 'ச' என்பதைத் தேடி 'க்குச்', இடைவெளி, 'ச' என்று மாற்றுங்கள். க, த, ப மூன்றுக்கும் அதே மாதிரி. முதலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வழக்கு மனுக்களில் மட்டும் மொத்தமாகச் செய்யாதீர்கள்: "வழக்கு தள்ளுபடியானது" என்பதில் வழக்கு எழுவாய், அங்கே ஒற்று மிகாது. கணக்கு, விளக்கு, போக்கு போன்றவையும் இதே வலையில் மாட்டும். இரண்டாம் வேற்றுமையை இப்படித் திருத்த முயல வேண்டாம். ஐகாரத்தில் முடியும் சொற்கள் தமிழில் எக்கச்சக்கம். 'நாளை', 'இல்லை' எல்லாவற்றுக்கும் ஒற்று முளைத்துவிடும்.

எண்களை நம்பவே கூடாது. ஐந்து சென்ட் ஓரிடத்தில் '5 சென்ட்', இன்னோரிடத்தில் 'ஐந்து சென்ட்', வேறோரிடத்தில் 'அஞ்சு சென்ட்' என்று வரும். சர்வே எண்ணும் உட்பிரிவும் சொன்னபடி விழாது. சொல்லும்போது "சர்வே எண்" என்று மட்டும் சொல்லி இடம் விட்டு, பிறகு மூலப் பத்திரத்தைப் பார்த்துக் கையால் நிரப்புங்கள். தேதி, தொகை, கதவு எண்ணுக்கும் இதுவே. கையால் அடிக்க விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

பாமினிக்குப் போக வேண்டுமென்றால்

குரல் தட்டச்சு தருவது எல்லாமே யூனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் பொதுவான எழுத்துக் குறியீடு. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் கடைகள் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலும் பாமினி என்ற பழைய எழுத்துருவுமாகவே இருக்கின்றன. டாக்ஸில் இருந்து நகலெடுத்துப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறியாக நிற்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடிலிருந்து பாமினி என்று தேர்ந்து மாற்றிக்கொண்டு ஒட்டுங்கள். எல்லாத் திருத்தத்தையும் யூனிகோடிலேயே முடித்துவிட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு தேடல் உதவாது, ஏனென்றால் பாமினி உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துதான். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் எண்களும் மாற்றத்தில் சிதைந்திருக்கும். அவற்றை மட்டும் தனியே பாருங்கள்.

பதிவு செய்த ஒலியை எழுத்தாக்க

கூட்ட நடவடிக்கையோ பெரியவர் ஒருவரின் நீண்ட பேச்சோ பதிவாக இருந்தால் விஸ்பரைப் பயன்படுத்தலாம். ஓபன்ஏஐ நிறுவனம் அதை 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்டது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடும், குரல் வெளியே போகாது. வெளியே காட்டக் கூடாத பேச்சுக்கு இது பாதுகாப்பானது. டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பல அளவு. ஆங்கிலத்துக்கு ஸ்மால் போதும் என்பார்கள். தமிழுக்கு ஸ்மால் தருவதைப் படித்தால் தலை சுற்றும், லார்ஜுக்குப் போய்விடுங்கள். கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. கிராபிக்ஸ் கார்டில் 10 ஜிபி நினைவகம் கேட்கும். கார்டு இல்லாத கணினியிலும் விஸ்பர் சிபிபி என்ற வடிவத்தில் ஓட்டலாம், ஆனால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டி வரலாம்.

எல்லையோரத்துக்கு உரிய ஒரு கண்ணி இதில் இருக்கிறது. மொழி எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், பதிவின் முதல் 30 நொடியைக் கேட்டு விஸ்பரே முடிவு செய்யும். அந்த 30 நொடியில் வணக்கத்தோடு இரண்டு மலையாளச் சொல் கலந்துவிட்டால் முழுப் பதிவும் மலையாள எழுத்தில் வந்து சேரும். மொழி என்ற இடத்தில் தமிழைக் கட்டாயமாகக் குறித்துவிடுங்கள். வேலை என்ற இடத்தில் 'டிரான்ஸ்கிரைப்' இருக்க வேண்டும். 'டிரான்ஸ்லேட்' இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புதான் கிடைக்கும்.

ஆரம்பக் குறிப்பு கொடுக்கும் வசதியும் உண்டு. ஊர்ப் பெயர்களை அங்கே சரியான எழுத்தில் கொடுத்தால் அவற்றின் பக்கம் அது கொஞ்சம் சாயும். தமிழ் எழுத்துகள் அதில் அதிக இடம் பிடிப்பதால் மிக முக்கியமான பத்துப் பெயரோடு நிறுத்துங்கள். யாரும் பேசாத இடங்களில் விஸ்பர் சும்மா இருக்காது. இல்லாத வாக்கியத்தைக் கற்பனை செய்து எழுதும், அல்லது ஒரே வரியை இருபது தடவை அடிக்கும். பதிவின் முன்னும் பின்னும் உள்ள வெற்று ஒலியை வெட்டிவிட்டுக் கொடுத்தால் இது குறையும். வரும் எழுத்தை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருடைய வாக்குமூலமாகவும் கொடுத்துவிடாதீர்கள்.

நின்றுபோனால்

மைக் சிவப்பாக இருக்கிறது, எழுத்து வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். சவுண்ட் அமைப்பில் கோடு ஆடுகிறதா? ஆடாவிட்டால் மைக் தேர்வு தவறு, அல்லது ஹெட்செட் கம்பியில் உள்ள சின்ன மியூட் பொத்தான் அழுந்தியிருக்கிறது. ஆடுகிறது என்றால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்குப் போய் டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் உலாவியின் முகவரிப் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மைக் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள். முதல் தடவை கேட்டபோது தெரியாமல் 'பிளாக்' அழுத்தியிருப்பீர்கள். வேறு தாவலில் வீடியோ அழைப்பு திறந்திருந்தால் மூடிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அசையாவிட்டால் கோளாறு இணையத்தில்தான்.

அவசர மனு, கணினி ஒத்துழைக்கவில்லை என்றால் மொபைலில் ஜிபோர்டு விசைப்பலகையைத் தமிழுக்கு வைத்து, கூகுள் டாக்ஸ் செயலியில் அதே ஆவணத்தைத் திறந்து மைக் படத்தைத் தட்டிப் பேசுங்கள். சொல்லச் சொல்ல எழுத்து கணினித் திரையிலும் வந்துகொண்டிருக்கும். திருத்துவதையும் அச்செடுப்பதையும் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.